மாமியாரின் முட்டியும் மகப்பேறு விடுப்பும்

எங்கள் தெருவில் ஒரு பெண் குழந்தை பெற்ற பிறகு வேலைக்குப் போகிறாளா, வீட்டில் இருக்கிறாளா என்று தெரிந்துகொள்ள அவளிடம் கேட்க வேண்டியதே இல்லை. அவள் மாமியாருக்கு முட்டி எப்படி இருக்கிறது என்று விசாரித்தால் போதும்.

முனை வீட்டு அத்தைக்கு அறுபத்திரண்டு வயதிலும் மாடிப்படி ஏறும் முட்டி. அவர் மருமகள் வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் ஜவுளிக்கடையில் பில் போடுகிறாள். எதிர் வீட்டு அம்மாவுக்குப் பக்கவாதம் வந்து இரண்டு வருடமாகிறது. அவர் மருமகள் பி.காம்., முதல் வகுப்பு. இப்போது வீட்டிலேயே இட்லி மாவு அரைத்து பாக்கெட் போடுகிறாள். மாவு நன்றாகத்தான் இருக்கிறது, நானும் வாங்குகிறேன். ஆனால் அவள் பி.காம். படித்தது மாவு அரைக்க அல்ல.

நான் திருவொற்றியூர்க்காரி. கப்பலும் கன்டெய்னரும் மீனும் சோறு போடுகிற ஊர். ஆண்கள் ஹார்பரிலோ லாரியிலோ இருப்பார்கள். பெண்கள் ஏற்றுமதி கார்மென்ட்ஸில், மீன் ஏலத்தில், ஆபீஸ் கணக்கில், மாநகராட்சித் துப்புரவில், யாரோ ஒருவர் வீட்டுச் சமையல்கட்டில் இருப்பார்கள். சும்மா இருக்கும் பெண்ணை இங்கே பார்ப்பது கஷ்டம். இந்தியாவில் தொழிற்சாலை வேலை பார்க்கும் பெண்களில் பத்துக்கு நான்கு பேருக்கு மேல் தமிழ்நாட்டில்தான் இருக்கிறார்கள் என்று படிக்கும்போது எனக்குப் பெருமையாகவே இருக்கும். அந்தப் பத்தில் எத்தனை பேர் பிள்ளை பெற்ற பிறகும் அதே மிஷினுக்குத் திரும்பினார்கள் என்பதுதான் என் கேள்வி.

எங்கள் குடும்பத்திலேயே மூன்று கணக்கு இருக்கிறது. என் நாத்தனாருக்கு 365 நாள். எனக்கு 182 நாள். என் அம்மாவுக்குப் பூஜ்யம்.

நாத்தனார் அரசுப் பள்ளி ஆசிரியை. தமிழக அரசு ஊழியர்களுக்கு முன்பு 90 நாளாக இருந்த மகப்பேறு விடுப்பு 2011ல் 180 நாளானது, 2016ல் 270 நாளானது, 2021 ஜூலை 1 முதல் ஒரு வருடம். முழுச் சம்பளத்துடன். அவள் வேலைக்குத் திரும்பிய அன்று குழந்தை சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தது. அவளுக்கு ஏன் இவ்வளவு என்று நான் கேட்கவில்லை. அவளுக்குக் கிடைத்ததுதான் சரியான அளவு. மற்ற இரண்டு பேருக்கு ஏன் கிடைக்கவில்லை என்றுதான் கேட்கிறேன்.

இந்த 365 நாளும் இரண்டு குழந்தைகளோடு நின்றுவிடும் என்பது விதி. தர்மபுரி மாவட்டத்தில் ஓர் அரசுப் பள்ளி ஆசிரியைக்கு மறுமணத்தில் பிறந்த குழந்தைக்கு, ஏற்கெனவே இரண்டு இருக்கிறது என்று விடுப்பு மறுத்துவிட்டார்கள். வழக்கு டெல்லி வரை போனது. 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம், மகப்பேறு விடுப்பு என்பது பெண்ணின் இனப்பெருக்க உரிமையோடு சேர்ந்தது என்று சொல்லி அவர் பக்கம் தீர்ப்பளித்தது. நாத்தனார் அந்தச் செய்தியை எனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பி, "அண்ணி, ஒரு லீவு லெட்டருக்கு சுப்ரீம் கோர்ட் வரைக்கும் போவணுமா?" என்று கேட்டிருந்தாள்.

இப்போது அம்மா கதை.

அம்மா மீன் விற்றவர். விடியற்காலை மூன்று மணிக்குக் காசிமேடு ஏலத்துக்குப் போய், கூடையை நிரப்பிக்கொண்டு, தண்டையார்பேட்டை தெருக்களில் விற்றுவிட்டு வருவார். நான் பிறந்தது ராயபுரம் ஆர்.எஸ்.ஆர்.எம். ஆஸ்பத்திரியில். வடசென்னையில் பாதிப் பேருக்கு அதுதான் பிறந்த வீடு. நான் பிறந்த இருபத்தெட்டாம் நாள் அம்மா கூடையைத் தூக்கிவிட்டார். என்னை ஆயா பார்த்துக்கொண்டது. "பத்து மணி ஆனா பால் கட்டிக்கும்மா. ரவிக்கை நனைஞ்சிடும். மீன் தண்ணி பட்டுச்சுன்னு சொல்லிக்குவேன்" என்று அம்மா இப்போதும் சிரித்துக்கொண்டே சொல்வார். எனக்குச் சிரிப்பு வராது.

அம்மாவுக்கு முதலாளி கிடையாது. அதனால் விடுப்புக் கேட்கவும் ஆள் கிடையாது. மகப்பேறு பயன் சட்டம் 1961லேயே வந்துவிட்டது. அதற்கும் முன்பே 1934ல் நம் சென்னை மாகாணத்துக்கென்று ஒரு மகப்பேறு சட்டம் இருந்தது. மில் பெண்களுக்காக வந்த சட்டம் அது. மில் வாசலைத் தாண்டிய பெண்ணுக்கு அந்தச் சட்டம் தெரியாது, சட்டத்துக்கும் அந்தப் பெண்ணைத் தெரியாது.

இன்று அம்மா மாதிரிப் பெண்ணுக்கு டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவி இருக்கிறது. 2006ல் 6,000 ரூபாய், 2011ல் 12,000, 2018ல் 18,000 என்று உயர்ந்தது. 18,000த்தில் 14,000 பணமாகத் தவணை தவணையாக வரும், மீதி ஊட்டச்சத்துப் பெட்டகமாக வரும். மத்திய அரசின் மாத்ரு வந்தனா பணமும் இதற்குள்ளேயே சேர்ந்ததுதான். நல்ல திட்டம், குறை சொல்ல மனம் வரவில்லை. பிரிட்டிஷ் இந்தியாவில் முதலில் சட்டமன்றத்துக்குள் போன பெண், 1927ல் சென்னைச் சட்ட மேலவையின் துணைத் தலைவர் என்று அந்தப் பெயருக்கே ஒரு மரியாதை உண்டு. ஆனால் கணக்கு என்று ஒன்று இருக்கிறதே. மீன் விற்கும் பெண் ஒரு நாளைக்கு 500 ரூபாய் மிச்சம் பார்க்கிறாள் என்று வையுங்கள். வாரம் ஆறு நாள், 26 வாரம். 78,000 ரூபாய். 14,000த்தை வைத்துக்கொண்டு அவள் இருபத்தெட்டாம் நாள் கூடையைத் தூக்காமல் ஐம்பதாம் நாள் தூக்கலாம். அந்த இருபத்திரண்டு நாளும் தாய்க்கும் பிள்ளைக்கும் பெரிசுதான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அதற்குப் பெயர் உதவி, விடுப்பு அல்ல.

நடுவில் இன்னொரு ரகம் உண்டு. முதலாளி இருக்கிறார், ஆனால் யார் முதலாளி என்று தெரியாத வேலை. 2025 ஆகஸ்டில் ராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலத் துப்புரவுப் பணியாளர்கள் ரிப்பன் மாளிகை வாசலில் இரவும் பகலும் உட்கார்ந்திருந்தார்களே, அவர்களில் பெரும்பாலானோர் பெண்கள். தங்கள் வேலையைத் தனியாரிடம் விடாதே என்று கேட்டார்கள். செய்தியில் சம்பளத்தையும் பணி நிரந்தரத்தையும்தான் பேசினார்கள். எனக்கு உடனே ஞாபகம் வந்தது டெல்லி மாநகராட்சியின் தினக்கூலிப் பெண்கள் வழக்கு. மஸ்டர் ரோல் ஊழியர் என்றாலும் பிரசவ விடுப்பும் சம்பளமும் உண்டு என்று 2000லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. தீர்ப்பு இருக்கிறது. அதை எடுத்துக்கொண்டு எந்த மேஜைக்குப் போவது என்பதுதான், ஒப்பந்தக்காரர் மாறும்போதெல்லாம் மாறிவிடுகிறது.

இனி என் 182 நாள்.

எனக்கு இரண்டு பிள்ளைகள். முதல் பிரசவம் 2018, இரண்டாவது 2022. வேலை ஒரே இடத்தில்தான், கன்டெய்னர் யார்டு ஒன்றின் ஆபீஸில் கணக்கு. நாற்பது பேர் கொண்ட ஆபீஸ். சட்டமும் ஒன்றுதான். 2017 ஏப்ரலில் 12 வாரம் 26 வாரமாக மாறிவிட்டது. ஆனால் இரண்டு பிரசவத்துக்கும் நடந்தது வேறு வேறு.

முதல் தடவை என் சம்பளம் 17,500. இ.எஸ்.ஐ.யில் இருந்தேன். இ.எஸ்.ஐ.யில் இருப்பவர்களுக்கு 26 வாரச் சம்பளத்தை ஆபீஸ் தராது, இ.எஸ்.ஐ. கார்ப்பரேஷன் தரும். சராசரிச் சம்பளம் முழுசாக, நேராக வங்கிக் கணக்குக்கு. மாதாமாதம் நம்மிடம் 0.75 சதவீதம், முதலாளியிடம் 3.25 சதவீதம் என்று பிடிக்கிறார்களே, அந்தப் பொதுப் பானையிலிருந்து. ஆணுக்கும் பிடிக்கிறார்கள், கல்யாணம் ஆகாதவருக்கும் பிடிக்கிறார்கள், ஐம்பத்தைந்து வயது வாட்ச்மேனுக்கும் பிடிக்கிறார்கள். அதனால் நான் கர்ப்பம் என்று சொன்னபோது மேனேஜர் முகத்தில் ஒரு சுருக்கமும் இல்லை. "நல்லபடியா போயிட்டு வாம்மா" என்றார். பையன் பிறந்ததும் ஸ்வீட் பாக்ஸ்கூட வந்தது.

இரண்டாவது தடவை என் சம்பளம் 24,000. இ.எஸ்.ஐ.க்கு உச்சவரம்பு 2017 ஜனவரியிலிருந்து 21,000 ரூபாய். அதைத் தாண்டியதும் பொதுப் பானையிலிருந்து நம்மை எடுத்துவிடுகிறார்கள். அப்போது 26 வாரச் சம்பளத்தையும் தர வேண்டியவர் முதலாளி. ஒருத்திக்கு ஒரு லட்சத்து நாற்பத்து நான்காயிரம். அதோடு என் இடத்துக்கு ஒரு ஆள், அவருக்கும் சம்பளம். அதே மேனேஜர், அதே நாற்காலி. இந்தத் தடவை கால்குலேட்டரை எடுத்தார். "சட்டம் சொல்லுது, குடுத்துதானே ஆவணும்" என்றார்.

கொடுத்தார்கள், ஒரு மாதம்கூடத் தவறவில்லை. விடுப்பில் இருக்கும் பெண்ணை வேலையை விட்டு அனுப்பக் கூடாது, அவளுக்குப் பாதகமாக எதையும் மாற்றக் கூடாது என்று சட்டத்தில் தெளிவாக இருக்கிறது. அவர்கள் மாற்றவில்லை. நான் திரும்பிப் போன மூன்றாம் நாள் மாற்றினார்கள். ஸ்ரீபெரும்புதூர் பக்கத்தில் இருந்த இன்னொரு யார்டுக்கு. திருவொற்றியூரிலிருந்து போக இரண்டரை மணி நேரம், வர இரண்டரை மணி நேரம். குழந்தைக்கு 15 மாதம் ஆகும் வரை தாய்க்குப் பால் கொடுக்க தினம் இரண்டு இடைவேளை உண்டு என்றும் அதே சட்டம் சொல்கிறது. ஐம்பது கிலோமீட்டர் தள்ளி இருக்கும் குழந்தைக்கு எந்த இடைவேளையில் பால் கொடுப்பது? பாத்ரூமில் பிழிந்து வாஷ்பேசினில் ஊற்றினேன். அம்மாவின் ரவிக்கை கதை எனக்கு அங்கேதான் முழுசாகப் புரிந்தது. பதினொரு நாள் போனேன். பன்னிரண்டாம் நாள் ராஜினாமா கடிதம்.

இதை எழுதும்போதும் அந்த மேனேஜரைக் கெட்டவர் என்று எழுத எனக்குக் கை வரவில்லை. சட்டம் அவருக்குப் போட்டுக் கொடுத்த கணக்கு அப்படி. பெண்ணை வேலைக்கு வைத்தால் என்றாவது ஒரு நாள் ஒன்றரை லட்சம் தனியாக வைக்க வேண்டும். ஆணை வைத்தால் அது இல்லை. எத்தனை முதலாளிகள் தர்மம் பார்ப்பார்கள், எத்தனை பேர் அடுத்த இன்டர்வியூவில் "கல்யாணம் ஆயிடுச்சா? குழந்தை இருக்கா?" என்று கேட்பார்கள்?

இது புதுசாகக் கண்டுபிடித்த விஷயமும் இல்லை. 1928ல் பம்பாய்ச் சட்ட மேலவையில் மகப்பேறு மசோதா வந்தபோது அம்பேத்கர் அதை ஆதரித்துப் பேசினார். தாய்க்கு ஓய்வு கொடுப்பது நாட்டின் நலன், எனவே அந்தச் செலவில் பெரும்பங்கை அரசு ஏற்பதே நியாயம் என்பது அவர் கருத்து. அரசு ஏற்காத நிலையில் முதலாளியாவது தர வேண்டும் என்றார். தொண்ணூறு வருடம் கழித்து, 2018 நவம்பரில், மத்திய தொழிலாளர் அமைச்சகம் 15,000 ரூபாய் வரை சம்பளம் வாங்கும் பெண்களுக்கு ஏழு வாரச் சம்பளத்தை முதலாளிக்கு அரசே திருப்பித் தரலாமா என்று யோசிப்பதாகச் சொன்னது. என் இரண்டாவது பிரசவத்தின்போது அப்படி எதுவும் கிடையாது. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் ஒப்பந்தமும் இதையேதான் சொல்கிறது: மகப்பேறு பணம் காப்பீட்டிலிருந்தோ பொதுப் பணத்திலிருந்தோ வர வேண்டும், தனி முதலாளி தலையில் கட்டினால் அடி பெண்ணுக்குத்தான் விழும்.

நம்மிடம் அந்தப் பொதுப் பானை ஏற்கெனவே இருக்கிறது என்பதுதான் எனக்கு ஆதங்கம். இ.எஸ்.ஐ. 21,000த்தில் நிற்கிறது. அந்த ஒரு கோட்டைத் தள்ளி வைத்தால் என் மாதிரி எத்தனை பேர் நாற்காலி தப்பும்!

சரி, விடுப்பு எப்படியோ கிடைத்துவிட்டது என்றே வைத்துக்கொள்ளுங்கள். 183வது நாள் குழந்தையை எங்கே விடுவது?

பெரியவனுக்கு என் மாமியாரின் முட்டி தாங்கியது. சின்னவள் வந்தபோது தாங்கவில்லை. இரண்டு முட்டியும் தேய்ந்து, அத்தை சுவரைப் பிடித்து நடக்க ஆரம்பித்துவிட்டார். தவழும் குழந்தையின் பின்னால் ஓட வேண்டும், அதற்கு அவரை எப்படிக் கேட்பது? அவரே, "என்ன விட்டுட்டு வேலைக்குப் போ, நான் சமாளிச்சிக்கிறேன்" என்றார். சமாளிக்க மாட்டார் என்று எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும்.

வேலை செய்யும் இடத்திலேயே காப்பகம் இருக்க வேண்டும் என்பது நம் நாட்டில் பழைய யோசனை. 1948 தொழிற்சாலைச் சட்டத்தில், பின்னால் செய்த திருத்தப்படி, முப்பது பெண்களுக்கு மேல் வேலை செய்தால் ஆறு வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்குக் காப்பகம் கட்டாயம் என்று போட்டார்கள். என்ன ஆகும்? முப்பது பெண்களை மட்டும் வைத்துக்கொள்ள ஆசை வரும். 2017 திருத்தத்தில் அதைச் சரி செய்தார்கள். ஆணோ பெண்ணோ, 50 பேர் இருந்தால் காப்பகம், தாய் ஒரு நாளைக்கு நான்கு முறை போய்ப் பார்க்கலாம். எங்கள் ஆபீஸ் நாற்பது பேர், அதனால் அந்த வட்டத்துக்குள்ளேயே வரவில்லை.

வட்டத்துக்குள் வருகிறவர்களுக்கு? பக்கத்துத் தெருத் தங்கை ஒருத்தி ஏற்றுமதி கார்மென்ட்ஸில் செக்கிங். அங்கே காப்பகம் நிஜமாகவே இருக்கிறது. தொட்டில், ஆயா, பால் பவுடர் எல்லாம் உண்டாம். "அப்புறம் ஏன்டி கொழந்தைய எடுத்துட்டுப் போகல?" என்று கேட்டேன். "காலைல ஏழேகாலுக்கு வேன்க்கா. எண்ணூர் ரோட்ல டிரைலர் லைன்ல நின்னா முக்கா மணி நேரம். புகை, தூசி. ரெண்டு நாள் தூக்கினு போனேன், ரெண்டு நாளும் வாந்தி. மூணாம் நாளு ஜொரம். அதோட விட்டேன்" என்றாள்.

டெல்லியில் எழுதிய சட்டத்தில் இந்த டிரைலர் லைன் கிடையாது. எங்கள் பகுதியில் கைக்குழந்தையை வெளியே எடுத்துப் போவதே ஒரு முடிவு. 2023 டிசம்பரில் எண்ணூர் பெரியகுப்பத்தில் நடுராத்திரி அமோனியா கசிந்தபோது குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு ஜனங்கள் ரோட்டுக்கு ஓடி வந்தார்கள். அதற்குச் சில வாரங்கள் முன்புதான் மிக்ஜாம் வெள்ளத்தோடு எண்ணெய் வந்து முகத்துவாரம் முழுக்கப் படிந்தது. குழந்தைக்கு இழுப்பு வந்தால் யார் லீவு போடுவது? மத்திய அரசு ஊழியப் பெண்ணுக்குக் குழந்தை பராமரிப்பு விடுப்பு என்று பணிக்காலம் முழுவதற்கும் 730 நாள் இருக்கிறது. கார்மென்ட்ஸ் பெண்ணுக்கு அப்படி ஒரு தலைப்பே கிடையாது. சம்பளப் பிடித்தம்தான்.

அதனால் காப்பகம் வேலை செய்யும் இடத்தில் வேண்டாம், வீட்டுப் பக்கத்தில் வேண்டும் என்பது என் கட்சி. அங்கன்வாடி இருக்கிறதே என்பீர்கள். 1975லிருந்து இருக்கிறது, எங்கள் பிள்ளைகள் அகரம் எழுதியதும் அங்கேதான். ஆனால் நடைமுறையில் அது நடக்கத் தெரிந்த, பேசத் தெரிந்த பிள்ளைக்கு. கைக்குழந்தைக்கு சத்துமாவு பாக்கெட் தருவார்கள், நாம் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வர வேண்டும். பெரிய பிள்ளைகளையும் சாயங்காலம் ஏழு மணி வரை வைத்திருக்க மாட்டார்கள். ஆக, ஏழாவது மாதத்திலிருந்து இரண்டரை மூன்று வயது வரை ஒரு குழி இருக்கிறது. பெண்கள் வேலையை விட்டுக் காணாமல் போவது அந்தக் குழியில்தான். மத்திய அரசு 'பால்னா' என்ற பெயரில் அங்கன்வாடியோடு காப்பகத்தையும் சேர்க்கிறது. கர்நாடகத்தில் 2023ல் 'கூசின மனெ' என்று கிராமப் பஞ்சாயத்துகளில் தொடங்கினார்கள். நூறு நாள் வேலைக்குப் போகும் தாய்மார்களின் பிள்ளைகளுக்கு. நம் வார்டுக்கு அப்படி ஒன்று வந்தால் முதல் விண்ணப்பம் எங்கள் தெருவிலிருந்துதான் போகும்.

வருவதற்குள் பிள்ளைகள் வளர்ந்துவிடுமே. அதனால் நாங்களே ஒன்று வைத்திருக்கிறோம். "பாத்துக்கிற அக்கா" என்று பெயர். பத்துக்குப் பத்து ரூம், ஐந்து குழந்தைகள், ஒரு டி.வி. ஒரு குழந்தைக்கு மாதம் நாலாயிரம். தங்கமான அக்கா. சின்னவளுக்கு இரண்டு வருடம் அவர்தான் எல்லாம். நாங்கள் ஐந்து தாய்மார்கள் வேலை செய்வது அவர் ஒருவர் வேலை செய்வதால்தான். அவருக்குப் பயிற்சி கிடையாது, லைசென்ஸ் கிடையாது, இ.எஸ்.ஐ. கிடையாது. அவர் மகள் பிரசவத்துக்கு வந்தபோது ஒரு மாதம் ரூமைப் பூட்டினார். ஐந்து பேரும் ஆளுக்கொரு பொய் சொல்லி லீவு போட்டோம்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நன்றாக நடப்பதைச் சொல்லாமல் விட்டால் பாவம். என்னை மறுபடி வேலைக்கு அனுப்பிய அரசுத் திட்டங்களில் இரண்டு, தாய்மாருக்காகப் போட்டவையே அல்ல. ஒன்று மெட்ரோ. 2021ல் வண்ணாரப்பேட்டையிலிருந்து விம்கோ நகர் வரை நீண்டதால், மண்ணடிப் பக்கம் ஒரு கிளியரிங் ஆபீஸில் 19,000 சம்பளத்துக்குச் சேர முடிந்தது. பழைய சம்பளத்தைவிட ஐயாயிரம் குறைவு. ஆனால் போன் வந்தால் அரை மணியில் குழந்தையிடம் நிற்பேன். கணக்குப் போட்டுத்தான் சேர்ந்தேன்.

இரண்டாவது, பள்ளிக் காலை உணவு. 2022 செப்டம்பரில் தொடங்கி, 2023 ஆகஸ்டில் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் வந்தது. பெரியவன் மாநகராட்சிப் பள்ளியில் பொங்கலும் கிச்சடியும் சாப்பிடுகிறான். எனக்கு அதில் காலையில் முக்கால் மணி நேரம் மிச்சம். அந்த முக்கால் மணி நேரத்தில்தான் நான் ஒன்பது மணி ஆபீஸுக்கு ஒன்பது மணிக்குப் போகிறேன். திட்டம் போட்டவர்கள் குழந்தையின் பசியை நினைத்தார்கள், அது அம்மாவின் அட்டென்டன்ஸையும் காப்பாற்றிவிட்டது. நூறு வருடம் முன்பு, 1920ல், சென்னை மாநகராட்சிப் பள்ளியில் மதிய உணவை முதலில் கொண்டு வந்தவர் பிட்டி தியாகராயர். நம்ம வடசென்னைக்காரர். அது ஆயிரம் விளக்குப் பள்ளியில் நடந்தது என்பதில் மட்டும் எனக்குச் சின்ன வருத்தம்!

இப்போது ஒரு பக்கம் "பிள்ளை பெத்துக்குங்க" என்ற பேச்சும் கிளம்பியிருக்கிறது. 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் ஒரு பெண்ணுக்குச் சராசரி 1.8 குழந்தை. மக்கள்தொகை குறையாமல் இருக்க 2.1 வேண்டும். எம்.பி. தொகுதிகள் குறையுமோ என்ற கவலையில் 2024 அக்டோபரில் முதல்வர் ஸ்டாலின் ஒரு கல்யாண மேடையில், பதினாறு பிள்ளைகள் பெற்றால் என்ன என்ற நிலைக்கு வந்துவிட்டோமோ என்று பேசினார். ஆந்திராவில் சந்திரபாபு நாயுடுவும் அதே பேச்சு. எங்கள் ஆபீஸில் பெண்கள் விழுந்து விழுந்து சிரித்தோம். பதினாறா? இரண்டாவதுக்கே பாத்துக்கிற அக்காவிடம் இடம் கேட்டு நிற்கிறோம்.

தென் கொரியாவில் குழந்தை பெற்றால் பணம், வீட்டுச் சலுகை என்று கொட்டிப் பார்த்தார்கள். 2023ல் ஒரு பெண்ணுக்கு 0.72 குழந்தை, உலகத்திலேயே குறைவு. ஆபீஸில் இரவு வரை வேலை, வீட்டில் எல்லாம் பெண் தலையில், பணம் கொடுத்தால் யார் பெறுவார்கள்? கனடாவின் கியூபெக் மாகாணம் 1997ல் வேறு மாதிரி செய்தது. ஒரு நாளைக்கு ஐந்து டாலர் கட்டினால் போதும், குழந்தையைக் காப்பகம் பார்த்துக்கொள்ளும். அங்கே சின்னக் குழந்தைகளின் தாய்மார்கள் வேலைக்குப் போவது கூடியது. ஸ்வீடனில் தாய் தகப்பன் இரண்டு பேருக்குமாக 480 நாள். அதில் 90 நாள் தகப்பன் எடுத்தால் உண்டு, எடுக்காவிட்டால் போச்சு.

இதை என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் ஹார்பரில் காண்ட்ராக்டில் டிரைலர் ஓட்டுகிறார். மத்திய அரசு ஊழியருக்காவது தகப்பன் விடுப்பு 15 நாள். இவருக்கு நாள் கூலி. இரண்டு பிரசவத்துக்கும் சேர்த்து ஐந்து நாள் வீட்டில் இருந்தார். "தொண்ணூறு நாளா? கொழந்தையோட நான் இன்னா பண்ணுவேன்?" என்றார். "நான் இன்னா பண்ணேனோ அத பண்ணு" என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "சம்பளம் குடுப்பாங்களா?" என்று கேட்டார். கேள்வி சரியான கேள்வி.

போன வாரம் கார்மென்ட்ஸ் தங்கையின் நாத்தனார் வந்தாள். கல்யாணமாகி ஒரு வருடம், மூன்று மாதம் முழுகாமல் இருக்கிறாள். துறைமுகம் பக்கம் ஒரு லாஜிஸ்டிக்ஸ் ஆபீஸில் டேட்டா என்ட்ரி, சம்பளம் 20,600. ஜூலையிலிருந்து 900 ரூபாய் ஏற்றித் தருகிறார்களாம். முகத்தில் சந்தோஷமே இல்லை. 21,500 ஆகிவிட்டால் இ.எஸ்.ஐ. போய்விடுமே, பிரசவப் பணம் ஆபீஸிலிருந்து வர வேண்டுமே, நான் பட்ட கதையை யாரோ அவளிடம் சொல்லியிருக்கிறார்கள்.

"அக்கா, வேணான்னு சொல்லிடட்டுமா?" என்றாள்.

அடுப்பங்கரைச் சுவரில் இருந்த காலண்டரை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தோம். இ.எஸ்.ஐ.யில் சந்தா காலம் ஏப்ரல் முதல் செப்டம்பர், அக்டோபர் முதல் மார்ச் என்று இரண்டு. நடுவில் சம்பளம் கோட்டைத் தாண்டினாலும் அந்தக் காலம் முடியும் வரை சந்தா பிடிப்பார்கள். அதனால் இவளுக்கு செப்டம்பர் 30 வரை ஓடும். அவளுக்கு டாக்டர் சொன்ன தேதி ஜனவரி இரண்டாவது வாரம். ஜனவரியில் தொடங்கும் பயன் காலத்துக்கு முந்தைய இரண்டு சந்தா காலங்களில் 70 நாள் சந்தா இருந்தால் போதும். இவளுக்கு அதற்கு மேலேயே இருக்கிறது. "வாங்கிக்கோடி. இந்தக் கொழந்தைக்கு இ.எஸ்.ஐ. பணம் வரும். எதுக்கும் கிளை ஆபீஸ்ல போய் ஒரு வார்த்தை கேட்டு, நம்பர் குறிச்சு வாங்கிட்டு வந்துடு" என்றேன்.

முகம் தெளிந்துவிட்டது. காபியைக் குடித்துவிட்டு எழுந்தவள், வாசல் வரை போய்த் திரும்பினாள்.

"அடுத்ததுக்குக்கா?"

அடுத்ததுக்கு அவள் சம்பளம் 21,000த்துக்கு மேலே இருக்கும். நான் காலண்டரை மறுபடி ஆணியில் மாட்டினேன்.